சேசிஸ் எண் 8146

1952 அக்டோபர் 13ஆம் தேதி, திங்கட்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு, மலாயாவின் ரெம்பாவ் வட்டாரத்தில் செராயா எஸ்டேட்டின் இரண்டாவது டிவிஷனில், ரப்பர்ப் பால் ஸ்டோருக்குப் பின்னால் முருகையா என்ற மண்டோர், அதாவது கங்காணி, சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அந்த டிவிஷனில் பால்வெட்டு நடக்கவில்லை.

அந்த மறுநாள் காலையில்தான் சிரம்பான் மோட்டார் மெக்கானிக் அர்ச்சுனன் ரெம்பாவில் பஸ்ஸைவிட்டு இறங்கினான். செய்தி அங்கேதான் அவன் காதில் விழுந்தது. திரும்பிப் போகும் பஸ் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஏறியிருப்பான். அதற்குள் செராயா எஸ்டேட் லாரியிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "சிரம்பான் மெக்கானிக்கா? ஏறுப்பா, வெயிலுக்கு முந்திப் போயிரலாம்," என்றார். அவர் லாரி டிரைவர் சன்னாசி. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் சுடுவார்கள் என்று கதவுக்கு வெளியே இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் சந்து இருந்தது.

அர்ச்சுனன் வந்தது ஒரு காரைப் பார்க்க. செராயாவின் சின்னத்துரை, அதாவது உதவி மானேஜரான வெள்ளைக்காரர், தன்னுடைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரை விற்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தார். சாதாரண டி.டி. மாடல் இல்லை, 'மார்க் டூ' என்று அதில் போட்டிருந்தது. பந்தயத்துக்கென்று கம்பெனியே தனியாகச் செய்து அனுப்பும் வகை அது. சிரம்பானில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தின் இளைய மகன் முருகப்பன் அந்த விளம்பரத்தைக் கத்தரித்துப் பட்டறைக்கே கொண்டுவந்துவிட்டான்.

"சாதா டி.டி. எங்க பாத்தாலும் கெடக்கு, அர்ச்சுனா. மார்க் டூ இந்த நாட்டுல எத்தனை இருக்கும்னு நெனக்கிற? ஜொகூர் ரேஸ்ல ஓட்டுறவன்கிட்ட கேட்டேன், விரல் விட்டு எண்ணிரலாம்னான். நெசமா மார்க் டூதானான்னு நீ போய்ப் பாத்துட்டு வா."

"நீங்களே வந்து பாக்கலாமே, மொதலாளி."

"அந்த ரோட்டுலயா? எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல லா."

"எனக்கு ஆயிருச்சு. அதனால நான் போகலாம்."

முருகப்பன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி மூன்று விஷயம் சொன்னான். இந்தக் காரைப் பற்றி அப்பாவுக்கு மூச்சுவிடக் கூடாது. விற்கிறவரிடம் குறை எதையும் சொல்லக் கூடாது, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்துவிட வேண்டும். மூன்றாவது, காரின் எண்ணைக் கையால் எழுதிக்கொண்டு வரக் கூடாது. "கம்பெனி நம்பர் போட்ட தகட்டை நம்பாத. அது ரெண்டு ஸ்க்ரூவுல நிக்கிது, யாரு வேணாலும் கழட்டி மாட்டலாம். கீழ சேசிஸ் சட்டத்துல வெட்டியிருக்கும் பாரு, அதைத் தேய்ச்சு எடுத்துட்டு வா. அந்தத் தாளை சிங்கப்பூர் ஏஜண்டுக்கு அனுப்பிக் கேட்டுர்றேன்."

தேய்த்து எடுப்பது அர்ச்சுனனுக்குப் பழகிய வேலை. இரும்பில் வெட்டிய எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சில் ஈயத்தைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கறுப்புக்கு நடுவே எண் வெள்ளையாக எழுந்து வரும். கையால் எழுதும்போது மூன்று எட்டாகும், ஒன்று ஏழாகும். தேய்த்த தாளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

லாரி மண் சாலைக்குத் திரும்பியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வந்துவிட்டன. வரிசை வரிசையாக, உள்ளே போகப் போக இருட்டாக. அர்ச்சுனன் ஏதோ கேட்க வாயெடுத்தான்.

"பேசாம வா," என்றார் சன்னாசி. "பேசிக்கிட்டே போனா பயம் தெரியாதுன்னு சொல்றவன் எவனும் இந்த ரோட்டுல லாரி ஓட்டுனதில்ல."

சிறிது தூரம் போனபின் அவரே பேசினார். "முருகையாவை எனக்கு இருபது வருசமாத் தெரியும். போன வாரம் காட்டுலேர்ந்து ஒரு தாள் வந்துச்சாம், எஸ்ஸிங்களுக்குத் தகவல் சொல்றத நிறுத்துன்னு. இவன் அதை யாருகிட்டயும் காட்டல. காட்டியிருந்தா போலீசு மாத்தா-மாத்தாக்காரன் புடிச்சிருப்பான், ஏன் உனக்குத் தாள் வந்துச்சுன்னு."

எஸ்டேட்டில் காவலுக்கு நிற்கும் சிறப்புப் போலீஸ்காரர்களைத்தான் எஸ்ஸி என்பார்கள். வாசலில் அன்று நான்கு பேர் நின்றார்கள். உள்ளே போகும் வண்டியை அவர்கள் அதிகம் பார்க்கவில்லை. அரிசியோ மருந்தோ செய்தியோ வெளியே போய்க் காட்டுக்குச் சேரக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை.

சின்னத்துரையின் பங்களாவைச் சுற்றி முள்கம்பி இரண்டு வரிசை ஓடியது. துரை போலீசோடு இரண்டாவது டிவிஷனுக்குப் போயிருந்தார். காரை மெக்கானிக் பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருந்தார். சன்னாசி கொட்டகையைத் திறந்துவிட்டு, "ரெண்டு மணி நேரத்துல வர்றேன். நீயா வெளிய நடக்காத," என்று சொல்லிப் போய்விட்டார்.

கார் பச்சை நிறம். தாழ்வாக, நீளமான மூக்கோடு, அந்த அரையிருட்டிலும் பளபளவென்று நின்றது. அர்ச்சுனன் ஒரு நிமிஷம் பயத்தை மறந்து பார்த்தான். பிறகு பானெட்டின் வலது மூடியில் உள்ளங்கையை ஓட்டினான். மார்க் டூவுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு புடைப்பு இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் பெரிய கார்புரேட்டருக்கு இடம்விட. புடைப்பு இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில் விரலுக்கு ஒரு மேடு தட்டியது. நகத்தால் கீறினான். பச்சைக்குக் கீழே பள்ளம் அடைக்கும் புட்டி வந்தது. யாரோ ஒருவன் கையால் தட்டி எழுப்பிய புடைப்பு.

பெட்ரோல் பம்ப் இரண்டு இருந்தன. ஒன்று பழையது. மற்றதன் ஸ்க்ரூக்களில் துருவே இல்லை. கீழே படுத்துப் பார்த்தான். ஷாக் அப்சார்பர் கூடுதலாகப் போட்டிருந்தது, ஆனால் அதைத் தாங்கும் இரும்பைப் பற்றவைக்காமல் கவ்விபோட்டு முடுக்கியிருந்தார்கள்.

வெளியே 'டப்' என்று ஒரு சத்தம். அர்ச்சுனன் காருக்கு அடியில் அசையாமல் கிடந்தான். மறுபடி ஒரு 'டப்', அதன்பின் கூரைத் தகரத்தில் ஏதோ உருண்டது. ரப்பர்க் காய் வெடித்து விதை தெறிக்கிறது. ஆறு வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவன் அவன். இருந்தும் உடனே வெளியே வரவில்லை.

பானெட்டுக்குள் தடுப்புப் பலகைமேல் இருந்த தகட்டில் டி.டி.சி. 16920 என்று இருந்தது. அந்தக் கடைசி 'சி' மார்க் டூவுக்கு உரியது. சேசிஸின் இடது முன்முனையில் கரியும் பெயின்ட்டும் அப்பியிருந்தன. கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்தான். எண் தெரிந்தது. டி.டி. 8146.

அவ்வளவுதான். சாதா டி.டி. மார்க் டூவின் தகட்டை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். அர்ச்சுனன் தாளை வைத்துத் தேய்த்தான். எண் பளிச்சென்று வந்தது. பிறகு வழக்கமாகச் செய்வதைச் செய்தான். கை முழுக்க கிரீஸ், பையில் எண்ணெய்த் துணி. தேய்த்த தாளை மடித்தால் ஈயம் ஒட்டிக் கலங்கும். அதனால் அதை ஈர்க்குச்சி கனத்துக்கு இறுக்கிச் சுருட்டி, பீடிக் கட்டிலிருந்து உருவிய நூலால் கட்டி, பீடிகளுக்கு நடுவே செருகிக்கொண்டான். அந்தப் பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மெக்கானிக்கிடம் எண்ணெய் படாத இடம் பீடிக் கட்டு ஒன்றுதான்.

சன்னாசி வந்தார். லாரி வாசலுக்குப் போனபோது அங்கே எஸ்ஸிகளோடு தமிழ் சார்ஜன்ட் ஒருவரும் நின்றார். ரெம்பாவ் ஸ்டேஷனைச் சேர்ந்த ராமகிருஷ்ணன். காலையிலிருந்து கொலை விசாரணையில் இருந்தவர். இரண்டு பேரையும் இறக்கிச் சோதித்தார்கள். மலாய்க்கார எஸ்ஸி ஒருவன் பீடிக் கட்டை முகர்ந்தான், விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினான். நின்றான். இலை இல்லாமல் வெள்ளையாக இருந்த ஒன்றை உருவி, சார்ஜன்ட்டிடம் நீட்டினான்.

சார்ஜன்ட் நூலை அவிழ்த்தார். தாளை விரித்தார். கறுப்பில் வெள்ளையாக இரண்டு எழுத்து, நாலு எண்.

அந்த நேரம்தான் அர்ச்சுனனுக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. காட்டுக்காரர்களின் செய்தி எப்படிப் போகிறது என்று சிரம்பான் முழுக்கப் பேச்சு உண்டு. ஈர்க்குச்சி போலச் சுருட்டிய தாளில், நூல் கட்டி. அதை ஆயிரம் தடவை காதால் கேட்டவன், இன்று தன் கையால் அப்படியே ஒன்றைச் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான், மண்டோர் ஒருவர் செத்த மறுநாளில்.

"பேரு?"

"அர்ச்சுனன், ஐயா."

"அர்ச்சுனனா. வில்லு எங்க?" சார்ஜன்ட்டின் முகத்தில் சிரிப்பு இல்லை. "போன மாசம் ஒரு பொம்பள கொண்டையிலேர்ந்து இதே மாதிரி ஒண்ணு எடுத்தோம். அது வெறும் மாரியம்மன் சீட்டுன்னு அழுதா. இது என்ன சீட்டு?"

"கார் நம்பருங்க. சின்னத்தொரை காரோட சேசிஸ் நம்பர். சிரம்பான்ல முருகப்பன் மொதலாளி அனுப்பி வந்தேன். போன் போட்டுக் கேளுங்க ஐயா."

சன்னாசியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அர்ச்சுனனுக்கு விலங்கு மாட்டி எஸ்டேட் ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். கணக்கெழுதும் கிராணி எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றார். சார்ஜன்ட் சிரம்பான் கடைக்குப் போன் போட்டார். எடுத்தது முருகப்பனின் அப்பா. பெரியவரின் குரல் அர்ச்சுனன் நின்ற இடம்வரை கேட்டது.

"ஸ்போர்ட்ஸ் காரா? நாங்க அரிசி வியாபாரம் பண்றவங்க ஐயா, எங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? அப்படி யாரையும் அனுப்பல. அர்ச்சுனனா? தெரியாது."

சார்ஜன்ட் போனை வைத்தார். அர்ச்சுனனைப் பார்க்காமலே பங்களாவுக்குப் போட்டார். சின்னத்துரை திரும்பி வந்திருந்தார். ஆமாம், மெக்கானிக் ஒருவன் வருவதாக இருந்தது என்றார். காரின் எண்ணைக் கேட்டார் சார்ஜன்ட். துரை போய்ப் பார்த்துவிட்டு வந்து படித்தார். சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். எழுதிய தாளையும் தேய்த்த தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

16920. 8146.

"ரெண்டும் ஒத்தே வரலயே," என்றார்.

பட்டறைக்குப் பக்கத்து வீட்டு மாயாண்டியை மூன்று வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் கேட்டார்கள், யூனியன் ரசீது ஒன்றை வைத்துக்கொண்டு. எட்டு மாதம் உள்ளே, பிறகு இந்தியாவுக்குக் கப்பல். அவர் மனைவி இங்கே, அவர் நாகப்பட்டினத்தில். அர்ச்சுனனும் நாமக்கல்லில் பிறந்து ஆறு வயதில் வந்தவன்தான். அவசரகாலச் சட்டத்தில் வழக்கு வேண்டாம், வக்கீல் வேண்டாம், இரண்டு வருஷம் வைத்திருக்க ஒரு கையெழுத்து போதும். மனைவி மயிலம்மாளுக்கு இது ஏழாவது மாதம். அவன் போன இடம்கூட அவளுக்குத் தெரியாது. ரெம்பாவ் என்று சொன்னால் விடமாட்டாள் என்று பக்கத்து ஊரான மந்தினில் வேலை என்று சொல்லியிருந்தான்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? தகடு பொய் என்று சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைக்காரத் துரை பொய்க் காரை விற்கப் பார்க்கிறார் என்று, அவர் எஸ்டேட்டிலேயே, கையில் விலங்கோடு நின்று சொல்ல வேண்டும். துரை ஒரு வார்த்தை எதிராகச் சொன்னால் அந்தக் கையெழுத்து இன்றைக்கே விழுந்துவிடும். சொல்லாவிட்டாலும் விழும்.

"ஐயா, காரைப் போய்ப் பாருங்க," என்றான். "நான் இங்க சொன்னா நம்ப மாட்டீங்க."

கொட்டகையில் சின்னத்துரை இடுப்புத் துப்பாக்கியோடு நின்றிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. ராத்திரி தூங்காத கண். தொழிலாளர் லயத்தில் கற்ற தமிழ்தான் அவருக்கு.

"சார்ஜன், என்ன பேசுது இந்த ஆளு?"

"பேசு," என்றார் சார்ஜன்ட்.

அர்ச்சுனன் துரையின் பூட்சைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தகட்டுல இருக்கிறது இந்தக் காரோட நம்பர் இல்லீங்க. வேற காரோடது. இந்தக் காரோட நம்பர் கீழ இரும்புல வெட்டியிருக்கு. அதைத்தான் தேய்ச்சேன்."

துரையின் கழுத்து சிவந்தது. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி மட்கார்டின்மேல் வைத்துவிட்டு, டார்ச்சோடு மண்ணில் மண்டியிட்டுக் குனிந்தார். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சட்டைப் பையில் இருந்த பென்சிலால் அவரே தேய்த்தார். எழுந்து இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்தார். எட்டின் இடுப்பில் ஒரு சின்ன வெட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது.

"இது இன்னைக்கி வெட்டுனது," என்றார் துரை. "பாரு சார்ஜன், எப்படி பளபளன்னு இருக்கு. ரெண்டு மணி நேரம் இவன் ஒத்தையா இங்கே இருந்தான். சுத்தியல் வெச்சிருக்கான்."

அது உண்மைதான். கம்பித் தூரிகை பட்ட இடம் புது வெள்ளிபோல மின்னியது. சுற்றிலும் கரி, நடுவில் அந்த எண் மட்டும் நேற்று அடித்ததுபோல. வேலையைச் சுத்தமாகச் செய்யும் தன் பழக்கமே தன் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருப்பதை அர்ச்சுனன் பார்த்தான். சார்ஜன்ட் அவனுடைய பையைக் கவிழ்த்தார். சுத்தியல் விழுந்தது, ஸ்பேனர்கள், ஒரு உளி.

"எண்ணு அடிக்கிற அச்சு இல்லயே," என்றார் சார்ஜன்ட்.

"தூக்கிப் போட்டிருப்பான். வெளியிலே பூரா ரப்பர் காடு."

சார்ஜன்ட் அர்ச்சுனனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. பதில் இருந்தால் சொல், இல்லாவிட்டால் போகலாம் என்பது போல இருந்தது. அர்ச்சுனனின் கை, தன் தொழிலைத் தெரிந்த கை, விலங்கோடு சேசிஸ் பக்கம் நீண்டது.

"ஐயா, தூரிகை மேலாகத்தான் போகும். பள்ளத்துக்குள்ள போகாது. ஒரு குண்டூசி இருந்தா அந்த ஆறுக்குள்ள குத்திப் பாருங்க. கம்பெனி பெயின்ட் இருக்கும், அதுக்குக் கீழ துரு இருக்கும். நான் இன்னைக்கி வெட்டியிருந்தா உள்ள வெறும் இரும்புதான் இருக்கணும்."

சார்ஜன்ட் நோட்டில் தாள்களைக் கோத்திருந்த குண்டூசியை உருவினார். மறுபடி மண்டியிட்டார். ஆறின் வளைவுக்குள் கீறினார். ஊசி முனையில் கறுப்புச் செதில் ஒன்று வந்தது. மறுபடி கீறினார். செம்மண் நிறத்தில் தூள் உதிர்ந்தது. ஒன்றில் பார்த்தார், நான்கில் பார்த்தார், எட்டில் பார்த்தார். அவசரப்படவில்லை. வெளியே இன்னொரு காய் வெடித்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். துரையின் கை துப்பாக்கி உறைக்குப் போய்விட்டு வந்தது.

"பழசுதான், சார்," என்றார் சார்ஜன்ட் எழுந்து.

துரை காரின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். "இதை எனக்கு வித்தவன் சிங்கப்பூர்காரன். அவன் என்ன பண்ணான், எனக்கு எப்படித் தெரியும்?" என்று தமிழில் சொன்னார். பிறகு சார்ஜன்ட்டைத் தனியே அழைத்து ஆங்கிலத்தில் பேசினார். அர்ச்சுனனுக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை. 'தனியாக', 'நேற்று'.

ஜீப்பில் ஏற்றும்போது சார்ஜன்ட் சொன்னார். "தாளு சரியாப் போச்சு. ஆனா உன்னை அனுப்பினதா நீ சொன்ன ஆளோட அப்பா இல்லைங்கிறாரு. நேத்து சாயங்காலம் நீ எங்க இருந்தன்னும் எனக்குத் தெரியல. துரை அதை எழுதச் சொல்றாரு, எழுதித்தான் ஆகணும். அந்த முருகப்பன் வந்து சொன்னா நீ வீட்டுக்கு. வரலன்னா என் கையில இல்ல."

"அவரு இந்த ரோட்டுக்கு வரமாட்டாருங்க, ஐயா."

"ரெம்பாவ் ஸ்டேஷனுக்கு வந்தாப் போதும்."

"அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்னு அதுக்கும் பயப்படுவாரு."

"அப்ப யாருக்கு எது பெரிய பயம்னு பாப்போம்," என்றார் ராமகிருஷ்ணன்.

லாக்கப்பில் அவனோடு ஏழு பேர் இருந்தார்கள். எல்லோரும் இரண்டாவது டிவிஷன் ஆட்கள். புதன்கிழமை முழுவதும் யாரும் வரவில்லை. அன்று பிற்பகல் மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூடிய லாரியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு பெயர் வரும்போதும் அர்ச்சுனன் தன் பெயரின் முதல் எழுத்துக்குக் காது கொடுத்தபடி சுவரில் சாய்ந்திருந்தான். கதவு மூடிய பிறகும் அவனுடைய காது அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முருகப்பன், போன் வந்ததைத் தொடர்ந்து விஷயத்தைக் கறந்துவிட்ட தன் தகப்பனாரோடு ரெம்பாவ் ஸ்டேஷனுக்கு வந்து, அர்ச்சுனனை அனுப்பியது தான்தான் என்றும், திங்கட்கிழமை மாலை ஏழு மணிவரை அவன் சிரம்பான் பட்டறையில் தன் கண்ணெதிரில் வேலை செய்துகொண்டிருந்தான் என்றும் வாக்குமூலம் கொடுத்தான். பதினொன்றரைக்கு அர்ச்சுனனை விடுவித்தார்கள். ஆறு மாதத்துக்கு ரெம்பாவ் வட்டாரத்துக்குள் நுழைவதில்லை என்று எழுதிய தாளில் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.